‘அது எங்கே இருக்கு?’

அன்புள்ள அக்காவுக்கு,

மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஆறாவது படிக்கும் பையன், ஒன்றாவது படிக்கும் பெண். எனக்கு மும்பை ஃபோர்ட்டில் வேலை. கணவர் அம்பர்நாத் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். சொசைட்டியில் காலை 5.30 முதல் 6.30 வரைதான் தண்ணீர். 7.50 ஃபாஸ்ட் ரயிலை விட்டால் எனக்கு ஆபீஸில் லேட் மார்க். அதற்குள் தண்ணீர் பிடித்து, சமைத்து, நாலு டப்பா கட்டி, பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். 4.45-க்கு எழுந்திருக்கிறேன். படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது.

மே மாத லீவில் வீட்டை ஒழுங்குபண்ணியே தீருவது என்று இறங்கினேன். யூடியூப் பார்த்து ஒரே மாதிரி முப்பது டப்பா வாங்கி, அழகாக இங்கிலீஷில் லேபிள் ஒட்டினேன். நிமிடக் கணக்கில் டைம்டேபிள் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டினேன். ஜூனில் ஸ்கூலும் மழையும் சேர்ந்து வந்ததும் பத்தே நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மாமியார் டப்பாக்களை இடம் மாற்றி மாற்றி வைக்கிறார். கணவர் நல்லவர், சொன்னால் செய்வார். ஆனால் சொல்ல வேண்டும். ரயில் ஏறிய பிறகும் போன் வரும், ‘பாப்பாவோட பெல்ட் எங்கே?’ என்று.

எனக்குத்தான் ஒழுங்கு வராதோ? இன்னும் அரை மணி முன்னால், 4.15-க்கு எழுந்தால் சரியாகுமா? தீபாவளி போனஸில் ஹாலுக்கு ஒரு பெரிய அலமாரி வாங்கலாம் என்றிருக்கிறேன். வாங்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

---

அன்புள்ள தங்கைக்கு,

4.15-க்கு எழுந்திருக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். இப்போதே ஐந்தேகால் மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். அதிலும் அரை மணியை வெட்டினால் ஃபோர்ட்டில் ஆபீஸ் மேஜையிலேயே தூங்கி விழுவீர்கள். விடியற்காலையில் எழுந்து உலகத்தை ஜெயிக்கச் சொல்கிற வீடியோக்களில் பேசுபவர்களுக்கு 5.30 தண்ணீரும் கிடையாது, 7.50 ஃபாஸ்ட்டும் கிடையாது.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிற பெல்ட் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டப்பா, லேபிள், டைம்டேபிள் எல்லாம் இருந்தும் பெல்ட் எங்கே இருக்கிறது என்பது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ரயில் அடுத்த ஸ்டேஷனான கோபரைத் தாண்டினால் வீடே நின்றுவிடுகிறது. சாமான்களை அடுக்கினீர்கள், சரி. தலைக்குள் இருப்பதை இறக்கிவைக்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்துகிறது. 2024 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் இது 299-ம் 97-மாக இருந்தது. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்! அது போகட்டும். இந்தக் கணக்கில் ஒரு நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நீங்கள் ரயிலில் தொங்கிக்கொண்டே ‘மாவு தீர்ந்துவிட்டது, ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, அத்தைக்கு பி.பி. மாத்திரை வாங்கணும்’ என்று யோசிக்கிற அரை மணிக்கு ‘பயணம்’ என்றுதான் பதிவாகும். உங்களைக் களைப்பாக்குகிற வேலை எந்தக் கணக்கிலும் ஏறாத இந்த வேலைதான்.

அதனால் ஒழுங்குக்கு நான் வைக்கிற அளவுகோல் வேறு. வீடு பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டேன். உங்களைக் கேட்காமல் எத்தனை காரியம் நடக்கிறது என்று பார்ப்பேன்.

ஃபிரிஜ்ஜில் இருக்கிற டைம்டேபிளைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஒரு வாரத்துக்கு, வீட்டில் யார் யாரைப் பார்த்து ‘எங்கே?’ என்று கேட்டாலும் உங்கள் பையன் அந்தச் சாமானின் பெயரை அதில் எழுத வேண்டும். மறுபடி கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு. பையன்களுக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும், பாட்டியையும் அப்பாவையும் மாட்டிவிடலாம் இல்லையா. வாரக் கடைசியில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சாமான்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பெல்ட், சாக்ஸ், சாவி, கத்தரிக்கோல், குடை, ரேஷன் கார்டு, தண்ணீர் பாட்டிலின் மூடி. இவற்றுக்கு மட்டும் இடம் தேடுங்கள். மற்றவை எப்படியோ கிடக்கட்டும். முப்பது டப்பா வாங்கினீர்களே, அந்தச் சாமான்களில் யாரும் கேட்காதவை எத்தனை என்று பாருங்கள். வெந்தயம் எங்கே என்று யாராவது உங்களுக்கு ரயிலில் போன் செய்தார்களா?

கடுகு, சீரகத்துக்கு உங்கள் வீட்டில் யாரும் இடம் கேட்பதில்லை. அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. தாளிக்கிற நேரத்தில் கைக்கு வேண்டியதெல்லாம் அதில் ஒன்றாக இருக்கிறது, ஒரே ஒரு மூடி, திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், லேபிள் தேவையே இல்லை. சாமானை ரகவாரியாகப் பிரிக்காமல் வேலைவாரியாகச் சேர்த்து வைப்பது என்பது இதுதான். டப்பா கட்டும் வேலைக்கு நாலு டப்பா, மூடிகள், ஸ்பூன், கைத்துண்டு, பாட்டில் எல்லாம் ஒரே டப்பில். டீக்குத் தூள், சர்க்கரை, வடிகட்டி, இஞ்சித் துருவி எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டில். பெல்ட்டும் சாக்ஸும் பீரோவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷூ போடுகிற இடத்தில், வாசல் கதவுக்குப் பின்னால், பாப்பாவின் கை எட்டுகிற உயரத்தில் ஒரு கொக்கி அடியுங்கள். பெல்ட் அங்கேதான் தொங்க வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு கொக்கியில் துணிப் பை. 2018-ல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து எல்லோர் வீட்டிலும் துணிப் பை ஏகமாக இருக்கிறது, காய்கறிக்காரர் முன்னால் நிற்கும்போது மட்டும் கையில் இருப்பதில்லை.

இனி மாமியார் விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் அவர் பக்கம். துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பாசிப் பருப்பு, எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே தெரியாத டப்பாக்களில், இங்கிலீஷ் லேபிளோடு. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வருமா? பாத்திரம் தேய்க்க வரும் மௌசிக்கு வருமா? மாமியார் என்ன செய்வார், ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார், அடிக்கடி எடுப்பதைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். நீங்கள் அதை ‘இடம் மாற்றுகிறார்’ என்கிறீர்கள். பகல் முழுக்க அந்த மேடையில் நிற்பது அவர். அவர் எங்கே கொண்டுபோய் வைக்கிறாரோ அதுதான் அந்த டப்பாவின் இடம் என்று ஒத்துக்கொண்டுவிடுங்கள். லேபிளை உரித்துவிட்டு, வெளியே செலோடேப்புக்கு அடியில் அந்தந்தப் பருப்பில் நாலு மணியை வைத்து ஒட்டிவிடுங்கள். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

அவருடைய மாத்திரைகளுக்கு மெடிக்கலில் ஏழு நாள் பெட்டி கிடைக்கும், காலை இரவு என்று அறை பிரித்தது. வாங்கிவிடுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து உரித்துப் போட வேண்டாம், இந்த மழைக்கால ஈரத்தில் நமுத்துப்போகும். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக அட்டையோடு வெட்டிப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பையன் மருந்துச் சீட்டைப் படிக்க, பெரியவர் ஒருவர் சரிபார்த்து நிரப்பலாம். ‘அத்தை, மாத்திரை போட்டீங்களா?’ என்று ஆபீஸிலிருந்து நீங்கள் போன் செய்ய வேண்டியதில்லை. பெட்டியைப் பார்த்தாலே அவருக்கே தெரிந்துவிடும்.

கணவரைப் பற்றி ‘சொன்னால் செய்வார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வேலைபார்க்கிற இடத்தில் ஸ்பேனர்கள் தொங்குகிற பலகை அநேகமாக இருக்கும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். எடுத்ததைத் திருப்பி மாட்டாவிட்டால் வெறும் உருவம் மட்டும் தெரியும், எது குறைகிறது என்று வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஷேடோ போர்டு என்பார்கள். ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த 5எஸ் முறையில் இது அரிச்சுவடி. வேண்டாததை ஒதுக்கு, இருப்பதற்கு இடம் வை, துடை, எல்லோருக்கும் ஒரே முறையாக்கு, விடாமல் செய். அங்கே இதையெல்லாம் செய்கிறவருக்கு வீட்டில் செய்யத் தெரியாதா? வாசல் கதவுக்குப் பின்னால் கொக்கிகள் அடிக்கிற வேலையை அவரிடமே விடுங்கள். எங்கே அடிப்பது, எத்தனை அடிப்பது எல்லாம் அவர் முடிவு. நடுவில் போய் ‘இப்படி இல்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், அவருக்கு வேலை கொடுக்காதீர்கள், இலாகா கொடுங்கள். ‘இந்தக் குடத்தை நிரப்புங்க’ என்று சொன்னால் அது வேலை. நாளைக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் முழுவதும் அவர் பொறுப்பு என்றால் 5.30-க்கு எழுவது, டிரம் நிரப்புவது, அந்த நேரத்திலேயே மெஷினில் துணி போடுவது, ஃபில்டர் கேண்டில் மாற்றுகிற தேதியை நினைவு வைப்பது, சொசைட்டியில் டேங்க் கழுவப்போகிற நோட்டீஸைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்துதான். முதல் வாரம் ஒரு நாள் டிரம் காலியாக இருக்கும். அன்றைக்கு எழுந்து ஓடிப்போய் நீங்கள் பிடித்துவிட்டீர்களானால் இலாகா உங்களிடமே திரும்பி வந்துவிடும். ஒரு நாள் அரை பக்கெட்டில் குளித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பையனுக்குக் குப்பை இலாகா கொடுக்கலாம், ஈரக் குப்பை வேறு உலர் குப்பை வேறு என்று பிரிக்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கூலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

டைம்டேபிள் ஏன் நிலைக்கவில்லை? நிமிடக் கணக்கில் எழுதியதால். 6.10-க்குத் தேங்காய் துருவ வேண்டும் என்று எழுதிவைத்து 6.17 ஆகிவிட்டால் அதற்குப் பிறகு உள்ள எல்லா வரியும் பொய்யாகிவிடுகிறது. உங்கள் காலையில் அசைக்க முடியாதவை இரண்டுதான், தண்ணீரும் ரயிலும். அவற்றுக்கு நடுவே கடிகாரம் வேண்டாம், எதற்குப் பின் எது என்ற வரிசை போதும். அதிலும் பாதியை இரவுக்குத் தள்ளிவிடலாம். சாப்பிட்டு முடித்ததும் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பதினைந்து நிமிடம் வேலை செய்யுங்கள். மேடையைத் துடைப்பது, ஸ்கூல் பையைக் கதவோரம் வைப்பது, டைரியில் கையெழுத்து, நாளைய யூனிஃபார்ம், அரிசி பருப்பை அளந்து வைப்பது. நேரம் முடிந்ததும் பாதியில் நின்றாலும் விட்டுவிடுங்கள். நீங்கள் மட்டும் பதினொன்றரை வரை தொடர்ந்தால், மீதியை நீங்களே முடித்துவிடுவீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

காய் நறுக்குவதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் மேத்திக் கீரை ஆய்கிறவர்களையும் பட்டாணி உரிக்கிறவர்களையும் தினமும் பார்ப்பீர்கள். கூச்சப்படாமல் சேர்ந்துகொள்ளலாம். தூங்கிக்கொண்டு வருவதானால் அதுவே மேல். ஞாயிற்றுக்கிழமை புளியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு கொதி விட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தால் வாரம் ஓடிவிடும்.

மழை முடிகிறவரை துணி விஷயத்தில் மட்டும் உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் வரை மும்பையில் எந்த வீட்டு ஹாலிலும் கொடியில் ஈரத்துணிதான் தொங்கும், என் முலுண்ட் வீட்டிலும்தான். யூனிஃபார்ம் மூன்று செட் இருந்தால் பதற்றம் குறையும். ஒரு முறை போட்டது, அழுக்கும் இல்லை, பீரோவுக்குள்ளும் போகாது என்கிற துணிகளை உங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி சுமந்துகொண்டிருக்கும். அவற்றுக்குத் தனியாக நாலு கொக்கி கொடுத்துவிடுங்கள், நாற்காலியில் யாராவது உட்காரலாம்.

அலமாரியைப் பொங்கல் வரை தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் பரணில் இருப்பதையெல்லாம் ஒரு ஞாயிறு இறக்கிப் பாருங்கள். பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டி, ஊரிலிருந்து வந்த வெங்கல அண்டா, பையனின் எல்.கே.ஜி. புத்தகம், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த பிரிக்காத டின்னர் செட். அண்டாவை மட்டும் மாமியாரைக் கேட்காமல் தொடாதீர்கள். மற்றதில் பாதி போனாலே பரணில் இடம் வரும், பீரோவில் இருக்கிற குளிர்காலப் போர்வை மேலே போகும், பீரோவில் ஒரு தட்டு காலியாகும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் வாங்குங்கள். ஆனால் கதவு இல்லாத, திறந்த தட்டுகளாக, ஆழம் குறைவாகப் பார்த்து வாங்குங்கள். ஆழமான அலமாரியில் பின்வரிசையில் போகிற சாமானைப் பற்றி மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும்.

அன்புடன்,
அக்கா