மாசிக் கல்யாணத்தையே சித்திரைக்கு மாற்றிய ஊர் உங்களுடையது

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு, இரண்டு பேருக்கும் சிபிஎஸ்இ. பங்குனி பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மார்ச் 31 கணக்கு முடிக்கும்வரை தினமும் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அது முடிந்ததும் பிள்ளைகளுக்குப் புது வகுப்பு, புத்தகம், சீருடை. இதற்கு நடுவில் பங்குனி உத்திரம், மாவடு, வடாம், வருஷப் பிறப்பு. மாமனாரும் மாமியாரும் சொந்த ஊரான மதுரையில் இருக்கிறார்கள். “அழகருக்காவது வருவீங்களா?” என்று அத்தை ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார். போன வருஷம் ஆசையாகப் போட்ட மாவடு பூசணம் பிடித்துவிட்டது. வருஷப் பிறப்பன்று நாலரை மணிக்கு எழுந்து வடை, பாயசம், பச்சடி எல்லாம் செய்தேன். இலை போடும்போது கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். இதையெல்லாம் விட்டுவிடலாமா? விட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடுமே?
– வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடவேண்டாம். ஆனால் இப்போது செய்கிற மாதிரி செய்யவும் வேண்டாம்.

மாவடு போட்டது நீங்கள். நாலரைக்கு எழுந்தது நீங்கள். அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாமல் தவிப்பதும் நீங்கள். உங்கள் கடிதத்தில் மற்ற மூன்று பேரும் சாப்பிடுகிற இடத்தில்தான் வருகிறார்கள். ஒருவர் அதற்கும் இல்லை. நேரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது உண்மைதான். ஆனால் நாளைக்கே வங்கியில் ஒரு மாதம் லீவு கொடுத்தாலும், இதே ஏற்பாடு தொடர்ந்தால் நீங்கள் அதே அடுப்படியில்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. இலையில் வந்து விழுந்த பச்சடி அவர்கள் மனதில் நிற்காது. வேப்பம்பூவைப் பொறுக்கிக்கொண்டு வந்தது நிற்கும்.

அடுத்தது தேதி. உங்கள் ஊர் கதையே இதற்குத் துணை நிற்கிறது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்துகொண்டிருந்தது. மாசி அறுவடைக் காலம், வயலை விட்டுச் சனங்கள் வரமுடியவில்லை. அதனால் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றி, தேனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த அழகரையும் மதுரைக்கு வரவைத்து இரண்டையும் ஒரே திருவிழாவாக்கினார் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. இன்றைக்கும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது, உங்கள் மாமியாருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். சனங்களுக்குத் தோதாகச் சாமி கல்யாணத்தையே மாற்றினார்கள். ஷிப்டுக்குப் போகிறவருக்காக நீங்கள் ஒரு சாப்பாட்டை மாற்றக்கூடாதா?

அதனால் ஏப்ரல் 14 அன்று காலையில் பெரிய சமையலே வேண்டாம். காலைக்குக் கனி காண்பது மட்டும் போதும். நெல்லை, குமரி, கொங்குப் பக்கமெல்லாம் இது வழக்கம். உங்கள் வீட்டில் இதுவரை இல்லையென்றாலும் தொடங்கலாம். முதல் நாள் இரவே சாமி முன்னால் ஒரு தாம்பாளத்தில் கண்ணாடி, மாம்பழம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, கொஞ்சம் அரிசி, நாணயம், வீட்டில் இருக்கிற ஒரு நகை எல்லாம் வைக்கவேண்டும். கால்மணி நேர வேலை. இதை மகனிடம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். என்ன பழம், எந்தப் பக்கம் கண்ணாடி என்று பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள், கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விடிவதற்கு முன்னால் அவனே எழுந்து விளக்கேற்றி, முதலில் அப்பாவையும், பிறகு உங்களையும், கடைசியில் தங்கையையும் கண்ணை மூடவைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிவரட்டும். கணவர் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவரானாலும் இதற்கு இருப்பார். பிள்ளைகளுக்குக் கைநீட்டமாகக் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். இலை போட்டுச் சாப்பிடுவது அவர் திரும்பி வந்த பிறகு. முதல் ஷிப்ட் என்றால் சாயங்காலம், இரண்டாவது என்றால் அவர் கிளம்புவதற்கு முன்னால், பதினொரு மணிக்கே. வடை ஆறிப்போனால் பரவாயில்லை, நான்கு பேரும் உட்காரவேண்டும். வடையும் பாயசமும் இரண்டுமே வேண்டுமா என்றும் யோசியுங்கள். மாங்காய்ப் பச்சடிதான் அன்றைய சாப்பாட்டில் முக்கியம். மற்றவற்றில் ஒன்று இருந்தால் நிறைவு.

பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூவைக் கடையில் வாங்காதீர்கள். தாம்பரம் சானடோரியம் பக்கம் வேப்பமரத்துக்கா பஞ்சம்? பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரும் மகளும் ஒரு பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு போகட்டும். மரத்தடியில் விரித்து, தாழ்ந்த கிளையை லேசாக உலுக்கினால் பூ கொட்டும். காம்பும் தூசியும் ஆய்ந்து நிழலில் உலர்த்த மகளுக்கே தெரியும்படி சொல்லிக்கொடுங்கள். பச்சடி இறக்கும்போது நெய்யில் சிவக்க வறுத்துப் போடுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

மாவடு ஏன் பூசணம் பிடித்தது என்பதற்கு வருகிறேன். கழுவிய ஈரம் காம்படியில் தங்கிவிடும். அவசரத்தில் துடைத்தால் அது போகாது. உப்பைக் குறைத்தாலும் பூசணம் வரும், ஈரக்கரண்டி போட்டாலும் வரும். மார்ச் கடைசி வாரத்தில், களைத்துப்போய் இரவு பத்து மணிக்குப் போட்ட வடு என்றால் இப்படித்தான் ஆகும். மாசியிலேயே வடு சந்தைக்கு வந்துவிடுகிறது. மார்ச் முதல் ஞாயிறு ஒரு கிலோ மட்டும் வாங்குங்கள். கழுவி, துணியில் பரப்பி, மின்விசிறியின் கீழ் மதியம்வரை விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்து விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள்தூள் கலந்து ஜாடியில் அடுக்குங்கள். துடைக்க நான்கு பேரும் உட்காருங்கள். கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது யாரும் போனைத் தொடமுடியாது. அன்றிலிருந்து தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் ஜாடியைக் குலுக்கிவிடுவது மகளின் பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் விட்டு, தோல் சுருங்கி, வடு உப்பில் ஊறிவிடும். நீங்கள் கணக்கு முடித்து நிமிரும்போது மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் மாவடு இருக்கும்.

பங்குனி உத்திரத்துக்குக் குன்றத்தூர் முருகன் உங்களுக்குப் பக்கம்தான். கூட்டம் தாங்காது என்று தோன்றினால் அடுத்த ஞாயிறு போய்வாருங்கள்.

வடாத்தைத் தாம்பரத்தில் போடவே வேண்டாம். கூழ் கிளறி, வெயில் ஏறுமுன் பிழிந்து, இரண்டு மூன்று நாள் காயவைத்து, காக்கா விரட்ட ஆள் வைத்து... வேலைக்குப் போகிறவர் தனியாகச் செய்யக்கூடியது இல்லை அது. அதற்கு மொட்டை மாடியும் ஆட்களும் வேண்டும். இரண்டும் மதுரையில் உங்கள் அத்தையிடம் இருக்கின்றன. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் அங்கே அனுப்பிவையுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் வடாம் மொறுமொறுவென்று காயும். குச்சியோடு காவல் உட்கார்ந்து, பாதி காய்ந்த வடாத்தைத் தின்று, பாட்டியிடம் திட்டு வாங்கட்டும். நீங்களும் சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவு சேர்த்துக்கொண்டு போய்ச் சேருங்கள். திரும்பும்போது ஒரு வருஷத்துக்கான டப்பா கையில் இருக்கும்.

அழகர் விஷயத்தில் அத்தையின் ஆதங்கம் நியாயமானது. ஒரு நாள் திருவிழா இல்லை அது, அவர்களுக்கு அந்த ஒரு மாதமே அதுதான். வருஷப் பிறப்பு போல நிலையான தேதியும் அதற்குக் கிடையாது, சித்ரா பௌர்ணமியை ஒட்டி வரும். 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. முதல் மாதிரி வந்தால் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும். இரண்டாவது மாதிரி வந்தால் லீவு. அதனால் “ஒவ்வொரு வருஷமும் வருகிறோம்” என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மே மாதத்தில் விழுகிற வருஷமெல்லாம் கட்டாயம் போங்கள். பௌர்ணமி எப்போது என்று தினசரிக் காலண்டரே சொல்லிவிடும். ரயிலில் 60 நாள் முன்னால் முன்பதிவு திறந்துவிடுகிறது. அந்தக் காலை எட்டு மணிக்கு டிக்கெட் போடும் வேலையும் உங்களுக்கு வேண்டாம், கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

போனால், நான்காம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடிகாலையில் வைகைக்குள் இறங்காதீர்கள். அந்த நெரிசலில் குழந்தைக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். முதல் நாள், மதுரைக்கு வருகிற அழகரைச் சனங்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குப் போங்கள். அல்லது அழகர் நின்று நின்று போகிற நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றில் முன்கூட்டியே போய் உட்காருங்கள். சொம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி எல்லோரும் காத்திருப்பார்கள். உங்கள் மகள் கையிலும் ஒரு சின்னச் சொம்பு இருக்கட்டும். துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வரும்போது நனைந்துவிட்டுப் போகட்டும். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு, ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் பார்க்க மகனைத் தாத்தாவோடு அனுப்புங்கள். விடிய விடிய நடக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையனை இரவு முழுக்க வெளியே விடுகிறார்கள் என்பதே அவனுக்குப் பெரிய காரியம்.

இதையெல்லாம் அத்தையிடம் நீங்கள் சொல்லாதீர்கள், உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய அம்மா, அவருடைய ஊர். மருமகள் சொன்னால் சாக்கு என்று படும். மகன் சொன்னால் திட்டம் என்று கேட்டுக்கொள்வார். வருகிற ஞாயிறு அவர் போன் போடும்போது, ஏப்ரலா மேயா என்று காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். வடாத்துக்கு எத்தனை கிலோ அரிசி என்பதையும் அப்போதே கேட்டுவிடட்டும்.