ஒரே சாக்கில் இரண்டு

வணக்கம் ஐயா,

வலிகாமத்தில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் கிழங்குக்குத் தீர்வையை, அதாவது இறக்குமதி வரியை, நன்றாக ஏற்றினால் எங்களுக்கும் விலை கிடைக்கும், அரசுக்கும் கடன் கட்டக் காசு சேரும். அமெரிக்காவின் முதல் திறைசேரிச் செயலாளர் ஹமில்டன் செய்ததும் அதுதானே? எழுபதுகளில் பிரதமர் சிறிமாவோ காலத்து மிளகாய்க் காசில்தான் அப்பா கல்வீடு கட்டினார். தீர்வையை ஏற்றச் சொல்ல நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

க., சுன்னாகம்

அன்புள்ள க.,

உங்களுக்கு விலை கிடைக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதையும் அரசின் கடனையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. தீர்வைக்குப் பயந்து வெளிக்கிழங்கு வராமல் நின்றால் உங்களுக்கு விலை. திறைசேரிக்கு ஒரு சதமும் இல்லை. தீர்வையைக் கட்டிக்கொண்டே அது வந்து இறங்கினால் திறைசேரிக்குக் காசு. உங்கள் கிழங்கு சாக்கோடு முளைக்கும்.

ஹமில்டனுக்கும் இதே சிக்கல்தான். மாநிலங்களின் சுதந்திரப் போர்க்கடனை 1790இல் மத்திய அரசின் தலையில் ஏற்றியவர் அவர். அதைக் கட்ட இருந்த பெரிய வருமானமே இறக்குமதித் தீர்வை. ஆகவே உற்பத்தித் தொழில் பற்றிய 1791 அறிக்கையில் உள்ளூர்த் தொழிலைக் காக்கவேண்டும் என்று வாதாடியபோதும், தீர்வையை அளவோடு வைத்து, தொழிலுக்கு நேரடியாக மானியம் கொடுப்பதையே அவர் பெரிதும் விரும்பினார்.

அப்பாவின் கல்வீட்டுக்கு வருவோம். அது தீர்வையால் எழும்பியதல்ல. 1970க்குப் பிறகு அந்நியச் செலாவணி இல்லாமல் அரசு இறக்குமதியையே இறுக்கிப் பிடித்தது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் எங்கள் ஆட்கள் கண்டிராத விலை. படித்த இளைஞருக்குக் காணி கொடுத்த படித்த வாலிபர் திட்டத்தில், வன்னியில் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போன பெடியள் மிளகாய் நட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் தும்மாமல் சைக்கிள் ஓட முடியாது, அவ்வளவு மிளகாய் முற்றங்களில் காய்ந்தது. அதே நாட்களில் பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற கதையையும் அப்பாவிடம் கேளுங்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார், விலை விழுந்தது. அந்தக் கதவு கமக்காரருக்காக மூடப்பட்டதில்லை. திறக்கும்போது அவர்களை ஒருவரும் கேட்காததில் என்ன ஆச்சரியம்?

இப்போதைய கடனுக்கும் இது பொருந்தும். 2022 ஏப்ரலில் இலங்கை கட்ட முடியாமல் நிறுத்தியது வெளிநாட்டுக் கடன், அதாவது டொலர். தீர்வை சேர்வது ரூபாயில். வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்தியபோது டொலர் மிஞ்சியது, ஆனால் வரி போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி விட்டபிறகு வரி கொட்டுகிறது. அங்கே தீர்வை நன்றாகக் காசு சேர்க்கும். காப்பாற்ற வேண்டிய பெரிய கார்த் தொழில் இங்கே இல்லையே!

சரி, கிழங்குக்கு என்ன செய்யலாம்? இப்போது கிலோவுக்கு இவ்வளவு என்று விசேட பண்ட வரி போடுகிறார்கள். ஒரு வர்த்தமானி வந்தால் இரவோடு இரவாக அது மாறும். கார்த்திகை, மார்கழியில் நடுகிறவருக்கு மாசி, பங்குனியில் என்ன வரி இருக்கும் என்று தெரியாது. நடுகைக்கு முன்பே தொகையைச் சொல்லி, அறுவடை முடியும்வரை கைவைக்காமல் விட்டால் போதும் என்பேன். அது கடனைத் தீர்க்காது. தீர்க்கும் என்று சொல்லிக் கேட்கவும் வேண்டாம். அப்படிக் கேட்டால், வருமானம் குறைகிறது என்று காட்டி அவர்களே நாளைக்கு வரியை இறக்குவார்கள்.

அப்புறம், மனு எழுதுவதானால் விதைக்கிழங்கை மறக்காமல் தனியாகப் பிரித்து எழுதுங்கள். அதுவும் கப்பலில்தான் வருகிறது, வரி அதன்மேலும் விழுந்தால் உங்களுக்குத்தான் செலவு.