வைரத்தைத் திருப்பினால் மேசானும் திரும்புமா?

கேள்வி: காமாக் கதிரால் புரோட்டானை மோதினால் மேசான் என்ற குறுகிய ஆயுள் கொண்ட துகள் பிறக்கும் என்று படித்தேன். அந்தக் கதிர் தளவிளைவு அடைந்ததாக, அதாவது அதன் மின்புலம் ஒரே தளத்தில் அதிர்வதாக இருக்க வேண்டும் என்று ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? சாதாரணக் கதிர் போதாதா?
– இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: பிறக்க வைக்க மட்டும் என்றால் சாதாரணக் கதிரே போதும். 1950-லேயே பெர்க்லியில் ஸ்டைன்பெர்கர், பனோஃப்ஸ்கி, ஸ்டெல்லர் மூவரும் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் காமாக் கதிரைக் கொண்டு மின்னூட்டமில்லாத பையான் (மேசான்களில் மிக இலேசானது) பிறப்பதைக் காட்டிவிட்டார்கள். எந்த வழியாகப் பிறந்தது என்று கேட்டால்தான் தளவிளைவு தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே நடக்கும் குளூஎக்ஸ் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வைரம்தான். தடிமன் சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. சுமார் 12 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் அதன் வழியே பாய்ந்து காமாக் கதிரை உமிழ்கின்றன. வைரத்தில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்பதால், 9 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வெளிவரும் ஃபோட்டான்களில், அதாவது அந்தக் கதிரின் துகள்களில், கணிசமானவற்றின் மின்புலம் ஒரே தளத்தில் அதிர்கிறது. 75 மீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டர் துளையில் நுழைந்தவை மட்டும் திரவ ஹைட்ரஜனை, அதாவது அதிலுள்ள புரோட்டான்களைத் தாக்குகின்றன. இத்தனை செய்தும் தளவிளைவு 40 சதவீதத்துக்குள்தான்!

அது போதும். ஃபோட்டானுக்கும் புரோட்டானுக்கும் இடையே ரோ, ஒமேகா போன்ற மேசான்களின் பரிமாற்றத்தால் பையான் பிறந்தால், அது அந்த அதிர்வுத் தளத்துக்குச் செங்குத்தான பக்கமே அதிகம் போகும். பி1, எச்1 என்ற வேறு வகை மேசான்களின் பரிமாற்றம் என்றால் தளத்தின் பக்கமே அதிகம். 40 சதவீதத் தளவிளைவில், முதல் வழி மட்டுமே என்றால், தளத்தின் பக்கம் 60 பையான் போகும் இடத்தில் செங்குத்தாக 140 போக வேண்டும். 2017-ல் வெளியான முடிவு முதல் வழிக்கே சாதகம்.

சரி, உணர்கருவியே ஒரு பக்கம் அதிகமாக எண்ணிவிட்டால்? அதற்குத்தான் வைரத்தை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி அளக்கிறார்கள். கருவியின் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், பையான்களின் சாய்வு வைரத்தோடு சேர்ந்து திரும்பும். சோதனை இயற்பியலில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: இதனால் புதுத் துகள் ஏதாவது கிடைக்குமா?
– அதே வாசகி

பதில்: அதற்காகவே அமைத்த சோதனை அது. குவார்க் என்ற அடிப்படைத் துகளும் அதன் எதிர்த்துகளான எதிர்க்குவார்க்கும் மட்டும் சேர்ந்த சாதாரண மேசானுக்கு அமையவே முடியாத சில குவாண்டம் எண்கள் (துகளின் சுழற்சி போன்ற பண்புகளைக் குறிக்கும் எண்கள்) உண்டு. குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவானும் கிளர்வுற்றுக் கூடச் சேர்ந்த கலப்பு மேசானுக்கு அவை அமையலாம். பை1(1600) என்ற துகளை அப்படித்தான் பலரும் கருதுகிறார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் காம்பஸ் என்ற சோதனைக் குழு பையான் கற்றையால் அதன் தடயங்களைக் கண்டது. அதையே ஃபோட்டானால் உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் குளூஎக்ஸின் குறி. அருகருகே குவியும் பல மேசான்களிடமிருந்து அதைப் பிரித்தறிய, மேலே சொன்ன கோணக் கணக்கே கைகொடுக்கும்.