“லேசாகத்தான் நெடி வருகிறது”: அமோனியா பிளாண்ட் கேள்வி-பதில்

குளிர்பதனக் கிடங்கு, பால் பண்ணை, மீன் பதப்படுத்தும் ஆலை என்று பல இடங்களிலிருந்து வந்த கேள்விகள். எல்லாமே அமோனியாவைச் சுழலவிட்டுக் குளிரூட்டும் இடங்கள். எழுதியவர்களில் பலர் தினமும் கம்ப்ரசர் அறையில் நிற்பவர்கள். அதனால் அமோனியா என்றால் என்ன என்று ஆரம்பிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்ப்ரசர் அறையில் எப்போதும் லேசான நெடி உண்டு. ‘அமோனியா பிளாண்ட் என்றால் அப்படித்தான்’ என்கிறார் சீனியர். சரியா?

சரியில்லை. கசிவில்லாத பிளாண்டில் நெடி இருக்காது. பலருடைய மூக்கு 5 பிபிஎம் அளவிலேயே, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இருந்தாலே, கண்டுபிடித்துவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் ஒரு ஷிப்ட் முழுக்க வேலை பார்ப்பவருக்குப் பரிந்துரைக்கும் உச்சவரம்பு 25 பிபிஎம். கால் மணி நேரத்துக்கு மட்டும் என்றால் 35. உயிருக்கே உடனடி ஆபத்து என்று அது வகுத்திருப்பது 300.

மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதுதான் இதில் சிக்கல். காலையிலிருந்து உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, வாசலில் வந்து நிற்பவருக்குக் கண் எரியும். நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில் கசிவை முதலில் சொன்னது பில்லில் கையெழுத்து வாங்க வந்த லாரி டிரைவர்தான். போய்ப் பார்த்தால் ஒரு வால்வின் ஸ்டெம், அதாவது தண்டு, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக உறைபனி. தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் கிளாண்டை அரைச் சுற்று இறுக்கியதும் நின்றது. எத்தனை நாளாகக் கசிந்ததோ, எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஈரமாக்கிய ஃபீனால்ஃப்தலீன் தாள் போதும், அமோனியா பட்டால் இளஞ்சிவப்பாகும். கந்தகத் திரியில் வெள்ளைப் புகை வரும் முறையும் உண்டு, ஆனால் அது நெருப்பு. அமோனியா காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்தால் தீப்பற்றக்கூடியது என்பதால் பெரிய கசிவில் திரியைக் கொளுத்தவே கூடாது.

ஆயில் வடிக்கும்போது நடக்கும் விபத்துகளைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். தினசரி வேலைதானே, அதில் என்ன அவ்வளவு ஆபத்து?

தினசரி வேலை என்பதுதான் ஆபத்து. சாதாரண கம்ப்ரசர் ஆயில் அமோனியாவோடு கலக்காது, அதைவிடக் கனமும் கூட. அதனால் ரிசீவர், சர்ஜ் டிரம் என அமோனியா நிற்கும் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அடியில் போய்த் தங்கிவிடும். நீங்கள் வால்வைத் திறப்பதும் அந்த அடியில்தான். ஆயிலுக்கு மேலே அழுத்தத்தோடு திரவ அமோனியா காத்திருக்கிறது.

குளிர்ந்த ஆயில் உறைந்த நெய்யைப் போலக் கெட்டியாக இருக்கும். வால்வை லேசாகத் திறந்தால் ஒன்றும் வராது. வடிப்பவர் இன்னும் கொஞ்சம் திறப்பார். அப்போதும் வராது. முழுக்கத் திறந்துவிட்டு, பக்கத்தில் வேறு வேலை பார்க்கப் போவார், அல்லது கம்பியை விட்டுக் குத்துவார். திடீரென்று அடைப்பு விடும், ஆயில் ஒரு உருண்டையாக வெளியே விழும், பின்னாலேயே திரவ அமோனியா பீய்ச்சும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 850 லிட்டர். அந்த நேரத்தில் வால்வு கைப்பிடியை எட்டவே முடியாது.

அதனால் வடிகாலில் இரண்டு வால்வு வேண்டும்: முதலில் சாதாரண ஸ்டாப் வால்வு, அடுத்து கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு. ஆயில் பாட், அதாவது ஆயிலைச் சேர்த்து வடிக்கும் தனிக் கலம், இருந்தால் அதைத் திரவப் பக்கத்திலிருந்து பிரித்து, கம்ப்ரசர் இழுக்கும் சக்‌ஷன் பக்கமாக அமோனியாவை இழுக்கவிட்டு, பாட்டின் மேல் உள்ள உறைபனி உருகி அது அறை வெப்பத்துக்கு வந்தபின் வடியுங்கள். முகக் கவசம், கையுறை, தள்ளி நின்று பார்க்கும் இன்னொரு ஆள், இவையெல்லாம் பேச்சுக்கே இடமில்லாதவை. முடியும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. போன் வந்தால்? வால்வை மூடிவிட்டு எடுங்கள்.

ஸ்பிரிங் வால்வின் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருப்பதை மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன். கை வலிக்கிறதாம்.

அமோனியா காற்றைவிட லேசானது என்று படித்தோம். அப்படியானால் கசிந்தால் மேலே போய்விடும்தானே?

சூடான ஆவி போகும். அழுத்தத்திலிருந்து பீய்ச்சும் திரவம் மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்ந்து, நுண் துளிகளும் ஈரமும் சேர்ந்து வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழும். பள்ளம், படிக்கட்டு, சாக்கடை எல்லாம் தேடிப் போகும். புகைக்கு முன்னால் ஓடாதீர்கள், காற்றுக்குக் குறுக்கே ஓடி அப்புறம் காற்று வரும் திசைக்குப் போங்கள். கூரையில் காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பை கட்டி வைப்பது இதற்காகத்தான்.

கசிவின்மேல் தண்ணீர் அடிக்கலாமா?

காற்றில் இருக்கும் ஆவிமேல் மெல்லிய தூறலாக அடிக்கலாம், நன்றாகக் கரைத்துக்கொள்ளும். தரையில் தேங்கிய திரவத்தின்மேல் கூடாது. தண்ணீரின் வெப்பமும் கரையும்போது பிறக்கும் வெப்பமும் சேர்ந்து அதைக் கொதிக்க வைக்கும், புகை இரட்டிப்பாகும். அடித்த தண்ணீர் மீனைக் கொல்லும், வாய்க்காலில் விடாதீர்கள்.

எங்களிடம் வடிகட்டி முகமூடி நான்கு இருக்கிறது. போதுமா?

தப்பி வெளியே வர, சின்னக் கசிவில் நின்று வால்வை மூட, போதும். உள்ளே மயங்கிக் கிடப்பவரைத் தூக்கி வர, போதாது. வடிகட்டி காற்றைச் சுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். அமோனியா மிகுந்தால் சீக்கிரம் நிறைந்துவிடும். 300 பிபிஎம்மைத் தாண்டும் என்று சந்தேகம் இருந்தாலே, அளவு தெரியாமல் இருந்தாலே, சிலிண்டரிலிருந்து காற்று தரும் கருவி வேண்டும். தாடி வைத்தவருக்கு எந்த முகமூடியும் ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணில் பட்டால் முதலில் என்ன செய்வது?

தண்ணீர். உடனே, இமையைப் பிரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம். பிறகு மருத்துவமனை. அமோனியா காரம் என்பதால் அமிலம் ஊற்றினால் சமமாகும் என்று வினிகர், எலுமிச்சை தேடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். உடம்பில் திரவம் பட்டு, துணி தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். தண்ணீர் விட்டு இளக்கிக் கழற்றுங்கள். நெடியை நிறைய இழுத்தவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றாலும் மருத்துவரிடம் போகட்டும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தும் வரும்.

மின்சாரம் போய் வந்தபின் பிளாண்டை மறுபடி ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காயிலில், அதாவது அறையைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளில், படிந்த உறைபனியைச் சூடான அமோனியா வாயுவால் உருக்கும் ஹாட் கேஸ் டிஃப்ராஸ்ட் பாதியில் நின்றதா என்று முதலில் பாருங்கள். 2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தியோடர் என்ற ஊரில் இருந்த ஒரு உறைபதனக் கிடங்கில் நடந்தது இதுதான். மின்தடை வந்தபோது ஒரு காயில் டிஃப்ராஸ்டில் இருந்தது. மின்சாரம் வந்ததும் அலாரத்தை நீக்கியபோது, உள்ளே இருந்த சூடான வாயு இறங்காமலேயே கட்டுப்பாட்டு அமைப்பு குளிரூட்டலுக்கு மாறிவிட்டது. குளிர்ந்த திரவமும் சூடான வாயுவும் ஒரே குழாயில் சந்தித்தால் வாயு சட்டென்று சுருங்கும், திரவம் சம்மட்டிபோல் ஓடி வந்து மோதும். காயிலும் கூரையிலிருந்த சக்‌ஷன் குழாயும் உடைந்தன. வெளியேறியது 14 டன்னுக்கு மேல். வளாகத்துக்கு வெளியே மட்டும் 150 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

டிஃப்ராஸ்ட் முடிந்த ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை மெதுவாக இறக்கிவிட்ட பிறகுதான் சக்‌ஷன் வால்வு திறக்க வேண்டும். அலாரத்தை அழிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதி ஒட்டி வையுங்கள்.

வெங்காய அறையில் கசிவு. சரிசெய்துவிட்டோம். சரக்கை அனுப்பலாமா?

தனியாக நிறுத்தி வையுங்கள். சிவப்பு வெங்காயத்தின் மேல்தோல் பச்சை கலந்த கறுப்பாக மாறியிருந்தால் அமோனியா பட்டிருக்கிறது. ஆப்பிளில் தோலின் சின்னப் புள்ளிகளைச் சுற்றி கறுக்கும். நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அனுப்பலாமா என்ற முடிவு உணவுப் பாதுகாப்பு அதிகாரியுடையது, கிடங்கு மேலாளருடையது அல்ல.

அவசரத்துக்கு ஒரு பித்தளை வால்வு போடலாமா?

கூடாது. செம்பு, பித்தளை, துத்தநாகம் மூன்றையும் ஈரமுள்ள அமோனியா அரித்துவிடும். இரும்பு, எஃகு மட்டும்.

சேஃப்டி வால்வு கசிகிறது. புதியது வரும்வரை வாயில் பிளக் போட்டு அடைக்கலாமா?

இரண்டு சேஃப்டி வால்வு, நடுவே மூன்றுவழி வால்வு என்று அமைந்திருந்தால் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டு இதைக் கழற்றுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் அந்தப் பாத்திரத்தைக் காலிசெய்து நிறுத்துங்கள். பிளக்கைக் கொண்டுபோய் ஸ்டோரில் வைத்துவிடுங்கள்.