ஒன்பதாவதுக்கு அப்புறம் காணாமல் போகிறவர்கள்

அன்புள்ள அக்கா,

உசிலம்பட்டி பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகள் சாயங்காலம் ஓடி வந்து படக்கதை எடுக்கிறார்கள். ஒன்பதாவது போனதும் ஒருத்தரையும் காணோம். அப்புறம் குரூப் 4 கைடு தேடித்தான் வருகிறார்கள், அதுவும் பையன்கள் மட்டும். இந்த இடைப்பட்ட வயசுப் பிள்ளைகளை எப்படி உள்ளே கொண்டு வருவது? அவர்கள் படிக்கத் தமிழில் என்ன இருக்கிறது? நீங்கள் ஒரு நாள் வந்து வாசிப்பின் அவசியம் பற்றிப் பேச முடியுமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புத் தங்கைக்கு,

பேச்சு வேண்டாம். அந்த வயசில் வீட்டிலும் பள்ளியிலும் புத்திமதிக்குப் பஞ்சமில்லை, நூலகத்துக்கு வந்தும் அதையே கேட்க வேண்டுமா? அவர்களுக்குக் கிடைக்காதது, நம்பிக் கொடுக்கிற வேலை. புதுப் புத்தகக் கட்டு வந்தால் நீங்களே தனியாக உட்கார்ந்து முத்திரை குத்தி, எண் எழுதி, தேதித் தாள் ஒட்டுகிறீர்கள் அல்லவா, அதில் பாதியைப் பத்தாவது படிக்கிற இரண்டு பேரிடம் கொடுங்கள். பசை தடவும்போதே பின்னட்டையைப் படிப்பார்கள், நடுவில் புரட்டுவார்கள், "இத நான் மொதல்ல எடுத்துக்கிறேன்க்கா" என்று ஒன்றை ஒதுக்கி வைப்பார்கள். எந்தப் புத்தகம் அட்டை தெரிய முன்னால் நிற்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மட்டும்தான் என்றால் அதிலும் இவர்களுக்கு இரண்டு இடம் கொடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் விதி எழுதினார். பதினைந்து வயசுக்காரருக்கான புத்தகத்தை இன்னொரு பதினைந்து வயசுக்காரர் கண்டுபிடிக்கிற மாதிரி நாம் கண்டுபிடிக்க முடியாது.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. நம் பக்கத்து நூலகங்களில் வாசலை ஒட்டியே பேப்பர் மேசை, அதைச் சுற்றி ஆண்கள். வயசுக்கு வந்த பிள்ளை அத்தனை பேரையும் தாண்டி அலமாரிக்குப் போக வேண்டும், போனால் "யாரு மக இது?" என்று ஒரு குரல் வரும், அன்றே வீட்டுக்குச் சேதி போய்விடும். அவளுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று சொல்வது அநியாயம். பேப்பர் மேசையைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள், முடிந்தால் வெளித் திண்ணைக்கே. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு என்று போர்டு வையுங்கள். அப்படியும் வர முடியாதவளுக்குத் தங்கச்சி கையில் கொடுத்து அனுப்புங்கள். மன்னார்குடியில் அதே 1931இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது, நம் புத்தகம் அடுத்த தெருவுக்குப் போகக் கூடாதா?

என்ன படிக்கக் கொடுப்பது என்பதுதான் சிரமமான கேள்வி. தமிழில் சிறுவர் கதை இருக்கிறது, பெரியவர்கள் நாவல் இருக்கிறது, நடுவில் இருப்பது கொஞ்சம்தான். அமெரிக்காவில் 1967இல் வெளிவந்து இளையோர் நாவல் என்ற வகைக்கே பெரிய திருப்பமாக அமைந்த கதையை எஸ். இ. ஹின்டன் என்ற பெண் பள்ளியில் படிக்கும்போதே எழுதினார். தன்னோடு படிக்கிற பையன்களின் சண்டையையும் பயத்தையும் யாரும் எழுதவில்லையே என்ற கோபம் அவருக்கு. நம் பிள்ளைகளுக்கும் கேள்விகள் இருக்கின்றன. பன்னிரண்டாவதோடு கல்யாணம் பேசினால் என்ன செய்வது, கூடப் படிக்கிறவனின் சாதியை ஏன் வீட்டில் முதலில் கேட்கிறார்கள், கபடியில் கால் உடைந்தவன் அப்புறம் என்ன ஆவான். இதையெல்லாம் உபதேசம் இல்லாமல் எழுத வேண்டியது எழுத்தாளர்களான எங்கள் கடமை, நாங்கள் போதுமான அளவு செய்யவில்லை. அதுவரை காமிக்ஸ், துப்பறியும் பாக்கெட் நாவல், பேய்க்கதை, காதல் கதை எது கேட்டாலும் கொடுங்கள். கண்ணாடி பீரோவைப் பூட்டாதீர்கள். "இதைப் படித்தால் மார்க் வருமா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், புத்தகத்தை மட்டும் நீட்டுங்கள்.

பஸ் செலவுக்கு ஊரில் யாராவது உதவினால் மதுரைக்குக் கூட்டி வாருங்கள். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அரை நாள் இஷ்டத்துக்குச் சுற்ற விடுங்கள், வரிசையில் நிறுத்திக் கூட்டிப் போக வேண்டாம்.

நான் கட்டாயம் வருகிறேன். மேடையும் சால்வையும் வேண்டாம், தரையில் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் தங்களுக்கு என்ன மாதிரிக் கதை வேண்டும் என்று அவர்கள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கிடைப்பதை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா