கமாவில் பிரித்த கோப்புகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கடைகளுக்கும் சங்கங்களுக்கும் விண்டோஸ் மென்பொருள் எழுதுவது என் தொழில். சிஎஸ்வி, அதாவது கட்டங்களைக் கமாவால் பிரித்து எழுதிய உரைக் கோப்பைப் படிப்பதில் சிக்கல் உள்ளவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகளும் பதில்களும் வந்த வரிசையிலேயே இருக்கின்றன.

கேள்வி: சார், விபி டாட்நெட் நிரல்மொழியில் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஸ்ப்ளிட் கட்டளையால் கமா வரும் இடத்திலெல்லாம் வெட்டுகிறேன். 300 வரி வரை ஒழுங்காக வந்தது. அடுத்த வரியில் பின்கோடு வரவேண்டிய இடத்தில் தெருப் பெயர் நிற்கிறது.

பதில்: அந்த வரி இந்த மாதிரி இருக்கும், பாருங்கள்:

104,"முருகன் ஸ்டோர்ஸ்","12, வடக்கு வீதி, மதுரை",625001

நமக்கு நான்கு கட்டம். ஸ்ப்ளிட்டுக்கு ஆறு துண்டு, நான்காவது துண்டு வடக்கு வீதி. மேற்கோளுக்குள் இருக்கும் கமா முகவரியைச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது.

வரி வரியாகப் படிப்பதும் தப்புதான். முகவரியில் யாராவது என்டர் தட்டியிருந்தால் ஒரே பதிவு இரண்டு வரியில் கிடக்கும். எழுத்து எழுத்தாகப் படியுங்கள். "மேற்கோளுக்குள் இருக்கிறோமா" என்று ஒரே ஒரு ஆம்/இல்லை மாறி போதும். வெளியே கமா வந்தால் கட்டம் முடிந்தது, வரிமுறிவு வந்தால் பதிவு முடிந்தது. உள்ளே இருக்கும்போது இரண்டும் சாதாரண எழுத்துகள். உள்ளே மேற்கோள் வந்தால் மட்டும் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அதுவும் மேற்கோள் என்றால் ஒரு மேற்கோளைச் சேர்த்துக்கொண்டு நகருங்கள், இல்லையென்றால் வெளியே வந்துவிட்டோம். இஞ்சுக்குப் போடுவதும் மேற்கோள் குறிதான் என்பதால், ஹார்டுவேர் கடைக் கோப்பில் அரை இஞ்ச் பைப் இப்படி வரும்:

"1/2"" பிவிசி பைப்"

2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் எழுதி வைத்த முறை இதுதான். நீங்களே எழுத வேண்டும் என்றுகூட இல்லை. டாட்நெட்டில் டெக்ஸ்ட்ஃபீல்டுபார்சர் என்ற ஆயத்த பார்சர் (கோப்பைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் நிரல்) இருக்கிறது, சி ஷார்ப்பிலும் வேலை செய்யும். கட்டத்தின் இரு முனையிலும் உள்ள இடைவெளியை அது தானாகவே வெட்டிவிடும். வேண்டாமென்றால் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என் புரோகிராம் எழுதும் கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிகின்றன.

பதில்: தலையில் சாய்கோடு போட்ட ஏ-யும், வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வருகிறதா? அப்படியென்றால் உங்கள் கோப்பு நல்ல யூடிஎஃப்-8தான், அதாவது யூனிகோட் எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறிக்கும் உள்ள மூன்று பைட்டை எக்செல் மூன்று ஐரோப்பிய எழுத்தாகக் காட்டுகிறது. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்து எழுதுங்கள், சரியாகிவிடும்.

திரும்பப் படிக்கும்போது அதே அடையாளம் முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளலாம். திரையில் "எண்" என்று சரியாகத் தெரியும், ஆனால் "எண்" என்ற நெடுவரிசையே இல்லை என்று புரோகிராம் சொல்லும். டாட்நெட்டின் ஸ்ட்ரீம்ரீடர் அதைத் தானே நீக்கிவிடும். பைத்தானில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்துத் திறக்க வேண்டும்.

கேள்வி: தொலைபேசி எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகிறது. பார்சரில் பிழையா?

பதில்: பார்சரில் இல்லை. இடையில் யாரோ எக்செல்லில் திறந்து சேவ் செய்திருக்கிறார்கள். எண் போலத் தெரிவதையெல்லாம் அது எண்ணாக்கிவிடும். 044 வெறும் 44 ஆகும். 12 இலக்க ஆதார் எண் சுருங்கி அறிவியல் குறியீடாகும், சேவ் செய்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் மிஞ்சும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சமெல்லாம் பூஜ்யம், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் போய்விடும். மரபணு ஆய்வாளர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு. எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதால் மார்ச்1 போன்ற சில மரபணுக்களின் பெயர்களையே 2020-இல் மாற்றினார்கள்.

மூலக் கோப்பை எக்செல்லில் திறந்து சேவ் செய்யாதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடு இருக்கிறது.

கேள்வி: கமாதானே எல்லாத் தொல்லைக்கும் காரணம்? பைப் குறி (|) போட்டுப் பிரித்தால் ஸ்ப்ளிட்டே போதுமே அண்ணா?

பதில்: அடுத்தவர் தரும் கோப்பில் என்ன குறி இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. குறியை மாற்றினாலும் கட்டத்துக்குள் என்டர் இருந்தால் ஸ்ப்ளிட் உடையும்.

அவரே: சொந்தக் கோப்பு என்றால்? டேப் போடலாமே? டேப்பை யாரும் முகவரியில் தட்டுவதில்லை.

பதில்: தட்டுவதில்லை, ஆனால் வேறு இடத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும். நான் பட்டிருக்கிறேன். மேற்கோள் முறை ஒன்றுதான் எந்த எழுத்தையும் தாங்கும்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): அண்ணை, எங்கட சங்கத்தின்ர பழைய உறுப்பினர் பட்டியல் பாமினி எழுத்துருவில இருக்கு. இளங்கோ, இந்திரா போன்ற பெயர்கள் உள்ள வரிகள் மட்டும் உடையுது. ஏன்?

பதில்: தங்கச்சி, பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அதில் இ என்ற எழுத்தே கமாதான்! கமா விசையின் இடத்தில் இ-யின் வடிவத்தை வைத்திருக்கிறார்கள். கோப்பைப் பொறுத்தவரை இளங்கோ கமாவில்தான் ஆரம்பிக்கிறார். செமிகோலனுக்கு மாறினால் இன்னும் மோசம், அங்கே மெய்யெழுத்தின் புள்ளியே செமிகோலன்.

முழுக் கோப்பையும் யூனிகோட் மாற்றியில் போட்டுவிடாதீர்கள். பிரிக்க வந்த கமாக்களும் இ ஆகிவிடும், மின்னஞ்சல் முகவரிகள் உருத்தெரியாமல் போய்விடும். முதலில் பிரியுங்கள், பிறகு தமிழ் உள்ள கட்டங்களை மட்டும் மாற்றுங்கள். பெயர்களைச் சுற்றி மேற்கோள் இருந்தால் ஒழுங்கான பார்சர் தானே சரியாகப் பிரிக்கும். இல்லையென்றால் பட்டியல் முதலில் இருந்த தரவுத்தளத்திலிருந்து டேப் போட்டு மறுபடி எடுங்கள். அதுவும் இல்லையென்றால், கட்டங்கள் கூடுதலாக வரும் வரிகளைத் தனியே ஒதுக்கிக் கையால் திருத்துவதுதான் வழி.

பைப் குறி கேட்டவர்: பார்த்தீர்களா, கடைசியில் டேப்தான்!

பதில்: இந்தப் பட்டியலுக்கு ஆம், ஒப்புக்கொள்கிறேன். பாமினியில் டேப்புக்கு எழுத்து எதுவும் இல்லை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு சேமிப்பது மேற்கோளோடுதான்.

கேள்வி: ஜிஎஸ்டி கோப்பில் முன்னால் உள்ள பூஜ்யம் போகிறது சார்.

பதில்: மேலே தொலைபேசி எண்ணுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். எக்செல்லில் சேவ் செய்யாதீர்கள்.

கேள்வி: இரண்டு லட்சம் வரி ஏற்றும்போது திரை உறைந்துவிடுகிறது.

பதில்: படிப்பதைத் திரையோடு மோதாமல் தனியே ஓடும் பின்னணி இழைக்கு (த்ரெட்) மாற்றுங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளம் என்றால் எல்லா வரிகளையும் மொத்தமாகச் சேமிக்கும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போடுங்கள், வேகம் உடனே தெரியும்.

கேள்வி: இதை டேலிக்குள் எப்படி ஏற்றுவது?

பதில்: அது என் துறை இல்லை. டேலியில் வேலை செய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: பின்கோடு நெடுவரிசையில் பூஜ்யம்...

பதில்: இந்தியப் பின்கோடு எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது, உங்களிடம் இருப்பது வேறு எண். எதுவானாலும் எல்லாக் கட்டத்தையும் உரையாகவே படியுங்கள். கூட்டிக் கழிக்க வேண்டியதை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். எக்செல் பற்றி மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டேன்.

கேள்வி: விபி 6-இல் ஒரு வரியைப் படிக்கும் லைன் இன்புட் கட்டளை போட்டால் முழுக் கோப்பும் ஒரே வரியாக வருகிறது.

பதில்: கோப்பு லினக்ஸ் சர்வரிலிருந்து வந்திருக்கும். விண்டோஸில் வரிமுடிவு சிஆர், எல்எஃப் என்ற இரண்டு மறை எழுத்துகள். லினக்ஸில் எல்எஃப் மட்டும்தான், லைன் இன்புட்டுக்கு சிஆர் வேண்டும். பைனரியாகத் திறந்து முழுவதையும் படித்துக்கொண்டு, முதல் பதிலில் சொன்னபடி எழுத்து எழுத்தாகப் போங்கள். வெளியே சிஆர் வந்தால் தாண்டுங்கள், எல்எஃப் வந்தால் பதிவை முடியுங்கள். இரண்டு வகைக் கோப்புக்கும் அதே நிரல் ஓடும்.