ரெஃபரன்ஸ் பாட்டை எப்போது திறப்பது? – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஒரு வருஷமாக வீட்டில் ஏபிள்டன் என்ற இசை மென்பொருளை வைத்து ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசை வகைகளைச் செய்துபார்க்கிறேன். பிடித்த பாட்டு ஒன்றை ரெஃபரன்ஸாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியாக, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பேன். மாற்றி மாற்றிக் கேட்டால் என்னுடையது சப்பென்று இருக்கிறது. பேஸைக் (கீழ் ஒலியைக்) கூட்டினால் குழம்புகிறது. கடைசியில் அந்தப் பாட்டின் நகலாகிவிடும், இல்லையென்றால் பாதியில் விட்டுவிடுவேன். ரெஃபரன்ஸே வேண்டாமா? அது இல்லாமல் புதிதாக ஒன்று தோன்ற எங்கே போவது?

அ., மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

ரெஃபரன்ஸ் கட்டாயம் வேண்டும், மிக்ஸ் செய்யும்போது, அதாவது எல்லா ஒலிகளின் அளவையும் சமன்செய்யும்போது. பாட்டு உருவாகும்போது அதை மூடிவையுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே பாட்டைத் திறந்துவைத்ததால்தான் இரண்டும் கெட்டிருக்கிறது.

சப்பென்று கேட்பதற்கு முதல் காரணம் சத்த அளவு. கிளப்புக்கான பாட்டுகள் மாஸ்டரிங் (வெளியிடுவதற்கான கடைசிச் சீரமைப்பு) முடிந்து பெரும்பாலும் -9 முதல் -6 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) வரை நிற்கும். உங்கள் மிக்ஸ் -18 பக்கம் இருக்கலாம். சத்தம் கூடினாலே காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கூடுதலாகத் தெரியும், அதனால் ரெஃபரன்ஸ்தான் எப்போதும் ஜெயிக்கும். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். இரண்டு பாட்டிலும் டிராப் பகுதியை, அதாவது தாளமும் பேஸும் முழுதாக இறங்கும் இடத்தை, அளந்து, வித்தியாசம் 10 டெசிபல் என்றால் ரெஃபரன்ஸை 10 இறக்குங்கள். உங்களுடையதை ஏற்றாதீர்கள்.

எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில் லிமிட்டர் (உச்சச் சத்தத்தைத் தடுக்கும் கருவி) போட்டிருந்தால் ரெஃபரன்ஸும் அதற்குள் நுழைந்து இன்னொரு முறை நசுங்கும். ரெஃபரன்ஸ் டிராக்கின் வெளியீட்டை மாஸ்டரிலிருந்து எக்ஸ்டர்னல் அவுட்டுக்கு மாற்றுங்கள். பாட்டின் வேகத்தை நீட்டிச் சுருக்கும் வார்ப்பையும் அணைத்துவிடுங்கள். யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பு உதவாது. குறைந்த பிட்ரேட் எம்.பி.3 பலவற்றில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடுவார்கள், அதை நம்பி ஹைஹேட்டைச் (சின்னத் தாளத்தட்டின் ஒலியை) சரிசெய்ய முடியாது. வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

பேஸ் குழம்புவது வேறு விஷயம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ரெஃபரன்ஸ் எஃப் மைனர் என்றால் அதன் சப் (மிகக் கீழான பேஸ்) 43.7 ஹெர்ட்ஸில் அடிக்கும். உங்கள் பாட்டு சி மைனர் என்றால் சப் 32.7-இல் விழும், அல்லது ஒரு ஆக்டேவ் மேலே 65.4-இல் நிற்கும். ஐந்து அங்குல மானிட்டரில் 32.7 ஏறக்குறைய கேட்கவே கேட்காது. 65.4 நேராகக் கிக்கின் (அடிமுரசின்) உடம்பில் போய் மோதும். ரெஃபரன்ஸின் கனம் வரட்டும் என்று ஈ.கியூ.வில் (ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 45 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கினால், அங்கே உங்கள் பேஸ் நோட்டே கிடையாது, கிக்கின் வால்தான் வீங்கும். நீங்கள் சொல்லும் குழப்பம் பெரும்பாலும் இதுதான். ஈ.கியூ.வை விட்டுவிட்டு மொத்தப் பாட்டையும் எஃப்-க்கோ ஜி-க்கோ (49 ஹெர்ட்ஸ்) நகர்த்திப் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் ஸ்ருதியிலேயே உள்ள ரெஃபரன்ஸைத் தேடுங்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் அடுக்கும் பாக்ஸ்களிலும் 40-க்குக் கீழே பெரிதாக எதுவும் வராது.

பிறகு இரண்டுக்கும் 120 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டும் வடிகட்டி) போட்டு, டிராப்போடு டிராப்பை வைத்துப் பத்துப் பத்து விநாடி கேளுங்கள். கிக் பெரிதா, பேஸ் பெரிதா என்ற ஒரு கேள்வி போதும். நீளமாகக் கேட்டால் காது ரெஃபரன்ஸுக்குப் பழகிவிடும்.

நகலாகிவிடுகிறது என்கிறீர்களே, ரெஃபரன்ஸிலிருந்து அமைப்பை மட்டும் எடுங்கள். எந்த பாரில் (நான்கு தட்டு ஒரு பார்) எது நுழைகிறது, எது விலகுகிறது என்று மார்க்கர் போடுங்கள். ஹவுஸ், டெக்னோவில் பெரும்பாலும் 8, 16, 32 பார்களில்தான் மாற்றம் வரும். மார்க்கரை வைத்துக்கொண்டு ஆடியோவை அழித்துவிடுங்கள்.

புதிதாகத் தோன்ற எங்கே போவது என்றால், பக்கத்தில்தான். கொடை விழா நடக்கும் கோயிலில் வில்லுப்பாட்டுக் குழுவிடம் அனுமதி கேட்டு, ஸ்பீக்கரை விட்டு விலகி, குடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளிப் பதிவுசெய்யுங்கள். போனில் வேவ் வடிவம், உச்சம் -12 டெசிபலைத் தாண்டக்கூடாது. குடத்தின் வாயில் மட்டை விழும்போது வரும் ‘தும்’ ஒன்றை வெட்டி, சாம்ப்ளரில் (பதிவுசெய்த ஒலியை வாசிக்கும் கருவி) உங்கள் ஸ்ருதிக்கு இறக்கினால் கிக்குக்கு அடியில் வைக்க ஒரு லேயர் ஆயிற்று. வீசுகோல் படும்போது அதிரும் வில்மணிகளுக்கு 2 கிலோஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி) போட்டு ஹைஹேட் இடத்தில் வையுங்கள். அதைக் குவான்டைஸ் செய்து தாளக்கட்டில் நேராக்காதீர்கள், அந்தத் தள்ளாட்டம்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் போனால், காற்று நேராக மைக்கில் மோதி வெறும் இரைச்சல்தான் பதிவாகும். ஒரு சுவரின் மறைவில் நின்று காற்றாடி இறக்கைகளின் ‘உஷ்’ சத்தத்தை எடுங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஓர் இறக்கைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை டேப் டெம்போவில் (தட்டினால் வேகம் சொல்லும் பொத்தான்) தட்டுங்கள். பாட்டின் வேகம் அங்கிருந்தே கிடைக்கலாம்.

எட்டு பார் அளவுக்கு உங்களுடையதாக ஒன்று நின்றபிறகு ரெஃபரன்ஸைத் திறந்தால் போதும். அடுத்த கடிதத்தில் பாட்டின் ஸ்ருதி, ஹெட்போன் மாடல் இரண்டையும் எழுதுங்கள், பேஸ் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.